மணல் வீடும் மனப் பண்பும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில் அமைந்துள்ளது வடக்கனந்தல். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் இவ்வட்டாரத்தில், வேலை மிகுந்த காலங்களில் பெற்றோர் பொழுது புலருமுன் வயலுக்குச் சென்றுவிடுவர். சிறு குழந்தைகள் அங்கன்வாடியிலோ, பாட்டியின் பொறுப்பிலோ, மூத்த பெண்ணின் இடுப்பிலோ இருப்பர். மாலையில் வீடு திரும்பும் நாம், குழந்தை உண்டதா, உறங்கியதா என்று விசாரிக்கிறோம். விளையாடியதா என்று விசாரிப்பதில்லை. விளையாட்டு வீண்பொழுது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை இங்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

மனத்திற்கும் பயிற்சி வேண்டும்

கோபம், அச்சம், பொறாமை, துயரம் ஆகிய மனவெழுச்சிகள் பெரியோரைப் போலவே குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால் அவற்றைச் சொல்லச் சொற்கள் இல்லை. அடக்கப் பழக்கம் இல்லை. ஆகவே குழந்தை அழுகிறது, கடிக்கிறது, மண்ணில் புரளுகிறது. தன் மனத்தில் எழுவது இன்னதென்று அறிதல், அதனை அளவோடு வைத்தல், பிறர் மனத்தை உணர்தல், பிணங்கிய பின் இணங்குதல் ஆகிய திறன்களை உணர்ச்சி நுண்ணறிவு என்று இக்கால உளநூலார் கூறுவர். 1990-ஆம் ஆண்டில் சலோவி, மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இக்கருத்தை விளக்கி எழுதினர். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று.

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர். அதனைச் சிதைக்க வரும் ஆண் குழந்தையிடம், சிதைக்க வேண்டா என்று வேண்டுகின்றனர். கட்டியவரின் ஆசை, இடிப்பவனின் குறும்பு, இழப்பின் வருத்தம், வேண்டுதலின் பணிவு ஆகிய யாவும் அந்த ஒரு விளையாட்டில் அடங்கியிருப்பதைக் காணலாம். மணல் வீடு இடிந்த துயரம் சிறிது நேரத்தில் ஆறிவிடும். ஆனால் துயரத்தைத் தாங்கிய பழக்கம் குழந்தையிடம் தங்கிவிடும்.

தெருவே பாடசாலை

கண்ணாமூச்சியைப் பாருங்கள். கண் பொத்தியிருக்கும் குழந்தைக்கு விரலிடுக்கில் பார்த்துவிட ஆசை. ஆயினும் பார்த்தால் ஆட்டம் கெடும் என்று தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. பெரியவர் பிரம்பெடுத்தும் கற்பிக்க இயலாத அடக்கத்தை விளையாட்டு விரும்பி ஏற்கச் செய்கிறது. விளையாட்டின் விதிக்குக் குழந்தை தன் உடனடி ஆசையை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறது என்பதை ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கியும் 1933-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

மணற்கரையில் குச்சியை ஒளித்து ஆடும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்; தோற்றால் ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டாங்கச்சியில் சோறாக்கி, ஒருவர் தாயாகவும் ஒருவர் நோயாளியாகவும் நடிக்கையில், பிறர் நிலையில் நின்று பார்க்கும் பழக்கம் உண்டாகிறது. சண்டை வந்தால் ‘காய்’ விடுவர். ஆட்டத்திற்கு ஆள் குறைந்ததும் ‘பழம்’ விடுவர். பெரியவர் பகை பல ஆண்டு நீடிக்க, சிறுவர் பகை பெரும்பாலும் அன்றே தீர்கிறது.

மிகச் சிறிய குழந்தையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்பெயர் உடற்குறை உடையோரைப் புண்படுத்துவதாதலின் அதனை விட்டுவிடலாம். ஆனால் எளியவனையும் விலக்காது சேர்த்துக்கொள்ளும் அப்பண்பை விட்டுவிடலாகாது.

பெரியோர் செய்யத்தக்கவை

குழந்தை அழுதால், “ஆண்பிள்ளை அழலாமா?” என்று கேலி செய்யாதீர். “நீ கட்டிய வீடு இடிந்ததால் உனக்குக் கோபம் வந்துவிட்டது” என்று அதன் உணர்ச்சிக்குப் பெயர் கூறுங்கள். பெயர் அறிந்த உணர்ச்சியைக் கையாளுதல் எளிது. பூச்சாண்டி என்று அச்சுறுத்துவதும், அடித்து அடக்குவதும் அடக்கத்தைத் தாரா. உணர்ச்சியை மறைக்கவே கற்பிக்கும். குழந்தைகள் பூசலிட்டால் உடனே நீதி வழங்கப் புகவேண்டா. காயம் நேரும் என்றாலன்றிச் சற்றுப் பொறுத்திருங்கள். அவர்களே வழி காண்பர். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுத்தால் அழுகை நிற்கும். ஆனால் தானே ஆறுதல் அடையும் பயிற்சி கிட்டாது.

விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டுவதில்லை. ஓலைக் காற்றாடி, நுங்கு வண்டி, களிமண் போதும். மூன்று வயதுக்குட்பட்டோரிடம் புளியங்கொட்டை, கோலி முதலிய சிறு பொருள்களைக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் நச்சுடையவை. எவ்வயதுக் குழந்தைக்கும் ஆகா.

கோஸ்பாடு காட்டிய வழி

மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் 1945-ஆம் ஆண்டு தாராபாய் மோடக் அம்மையார் ஏழைக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வாராமையால், பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயரின் பொருள் இதுவே. பின்னர் 1957-ஆம் ஆண்டில் கோஸ்பாடு குன்றுப் பகுதிக்குச் சென்று, அனுதாய் வாக் அம்மையாருடன் வார்லி பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினர். கல்வராயன் மலையில் வாழும் நம் குடிகளுக்கும் இது பொருந்தும் பாடமாகும்: குழந்தை இருக்குமிடத்திலேயே, அதன் பேச்சிலேயே, அதற்குத் தெரிந்த பொருளைக் கொண்டே தொடங்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப் பெற்றது. குழந்தையின் விளையாட்டு உரிமையை ஏற்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. பெண்கள், குழந்தைகள் வளர்ச்சி அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய பொருள்களுள் ஒன்றாகும். எனவே உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. அங்கன்வாடியின் அருகே நிழல் மரமும், முள்ளும் கண்ணாடியும் நீக்கிய ஒரு மணற்குவியலும் வேண்டும்.

2. அருகிலுள்ள திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும்.

3. ஊரின் பொதுத் திடலை ஆக்கிரமிப்பினின்று காக்க வேண்டும்.

4. எல்லாத் தெருக் குழந்தைகளும், மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பத்துக் குழந்தைகளும் ஒரே ஆட்டத்தில் சேர வேண்டும்.

5. தம்பி தங்கையரைச் சுமக்கும் சிறுமிக்கும் விளையாட நேரம் கிடைக்க வேண்டும்.

வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் நம் ஊர்களில் எவ்வளவு பொருளையும் உறவையும் அழித்துள்ளன என்பதை யாவரும் அறிவர். விளையாட்டு ஒன்றே அவற்றையெல்லாம் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் முறை வரும்வரை காத்திருக்கவும், தோல்வியைத் தாங்கவும், பழம் விட்டுக் கைகோக்கவும் ஐந்து வயதில் பழகாதவன், ஐம்பது வயதில் நீர்ப்பங்கீட்டில் அவற்றைக் கற்பது அரிது. நாற்றங்காலைப் பேணாது நல்ல விளைச்சலை எதிர்பார்க்கும் உழவர் இல்லை. இன்று மாலை வீடு திரும்பியதும் குழந்தையிடம் கேட்போம்: “இன்று யாருடன் விளையாடினாய்?”