கவ்வாத்தும் விசுவாசமும்

இப்பாடத்தைத் தொடங்குமுன் வீட்டிலுள்ள வேதாகமத்தை எடுத்து, அருளப்பர் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீடருக்குச் சொன்ன திராட்சைச் செடியின் உவமை அது. கனி கொடாத கிளையைப் பிதா தறித்துவிடுகிறார். அது நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் கனி கொடுக்கிற கிளையையும் அவர் சும்மா விடுவதில்லை, இன்னும் கனி தரும்படி அதையும் கழித்துவிடுகிறார் என்கிறார் இயேசு. நம்மைத் தடுமாற வைப்பது இந்த இரண்டாவது பகுதிதான்.

யூதேயா நாட்டுத் திராட்சைத் தோட்டத்தை நம்மில் அநேகர் கண்டதில்லை. ஆயினும் அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த உவமைக்குப் பெரிய உரை தேவையில்லை. கவ்வாத்து என்ற ஒரு சொல் போதும்.

மலையில் நிற்கும் தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். உயரமான இடங்களில் இந்த இடைவெளி சற்றுக் கூடும். நேற்று வரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் கிடந்த மலை, கவ்வாத்துக்காரர் இறங்கிய சில நாட்களில் வெறும் எலும்புக்கூடாய் நிற்கும். புதிதாக அவ்வழியே வருகிறவர், தீப்பிடித்த மலையோ என்றுகூடக் கேட்கலாம். மிலாறு தரையெங்கும் கிடக்கும். பெண்கள் அடுப்புக்கென்று அதைக் கட்டிச் சுமந்து போவார்கள். செடியிலோ இலை என்று சொல்ல ஒன்றும் இராது. சில இடங்களில் மாத்திரம், செடி மூச்சுவிடட்டும் என்று இலையோடு ஓரிரு கொப்புகளை வெட்டாமல் விட்டுவைப்பதுண்டு.

இலைதான் செடிக்கு அடுப்படி. வெயிலைக் கொண்டு உணவு சமைப்பது அங்கேதான். அடுப்படியையே அகற்றிவிட்டால் செடி எதை உண்டு பிழைக்கும்? வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தை உண்டுதான் பிழைக்கிறது. அதனால்தான் கவ்வாத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரே கொழுந்து எடுப்பதை நிறுத்திச் செடியை ஓயவிடுகிறார்கள். வேரில் ஒரு துண்டை நறுக்கி அதன்மேல் அயடீன் விட்டுப் பார்ப்பதும் உண்டு. கருநீலமாக நிறம் மாறினால் உள்ளே மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் கத்தியை எடுக்கக்கூடாது. மீறி வெட்டினால் கொப்புக் கொப்பாகக் காய்ந்து செடியே பட்டுப்போகும்.

இதை நம் ஞான வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். துன்பம் வந்தால் விசுவாசம் தானாகவே ஆழப்படும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பிராக்களில் ஒரே விதமான துயரம் நுழைந்து, ஒரு வீட்டாரை முழங்காலில் நிறுத்துவதையும் மறு வீட்டாரைக் கசிப்புக்கு அனுப்புவதையும் நாம் காணாமலா இருக்கிறோம்? கத்தி வேருக்குச் சத்தைக் கொடுப்பதில்லை. வேரில் என்ன இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒன்றும் நடவாத சாதாரண நாட்களில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த களைப்போடு, தூங்கி விழும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிச் சொல்லும் செபமாலை இருக்கிறதே, சேமிப்பு நடக்கும் நேரம் அதுதான். அப்போது பெரிய பக்தி உணர்வு எதுவும் தோன்றுவதில்லை. வேரில் மாச்சத்து சேரும்போதும் மேலே எதுவும் தெரிவதில்லை.

இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. நமக்கு நேரும் எல்லாத் துன்பமும் பிதாவின் கவ்வாத்துத்தானா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் இப்பாடம் நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தையும் 1974-ல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை நம்மவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் பெட்டிக்குள், ஒருவர் மேடையில். 1973, 74-ஆம் ஆண்டுகளின் பஞ்சமும் 1977, 1983-ஆம் ஆண்டுகளின் வன்செயலும் அதே தலைமுறையின் மேல்தான் விழுந்தன. இவற்றையெல்லாம் ஆண்டவர் வெட்டிய கவ்வாத்து என்று சொல்வது, மனிதர் செய்த அநீதிக்கு ஆண்டவரின் பெயரைப் போடுவதாகும்.

லூக்காஸ் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். இறந்தவர்களைக் குற்றவாளிகளாக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அதோடு விடாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். 2014 ஒக்டோபர் 29-ந் தேதி காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது; போக வேறு இடந்தான் இருக்கவில்லை. அங்கு மனந்திரும்ப வேண்டியிருந்தவர்கள் மண்ணுக்குள் கிடந்தவர்கள் அல்லர்.

அப்படியானால் விசுவாசம் எங்கே வருகிறது? எல்லாம் தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதை நம்மில் சிலர் விசுவாசம் என்று எண்ணுகிறார்கள். தலையெழுத்துக்குக் காது கிடையாது. அதனிடம் முறையிட முடியாது. பிதாவோ கேட்கிறவர். யோபு அவரிடம் வழக்காடினான், தான் பிறந்த நாளையே சபித்தான். இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டது யோபுவின் நண்பர்களைத்தான். அந்த நண்பர்களும் தொடக்கத்தில் நல்ல காரியமே செய்தார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைத்தார்கள். இழவு வீட்டுக்குப் போகும் செபக் குழுவினர் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், ஆண்டவர் பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொல்லாதிருங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

ஆண்டவர்மேல் நம்பிக்கை வைத்த ஒருவர் துன்பத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நம் மலைநாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1687-ல் கோவையிலிருந்து ஒரு குருவானவர் இந்தத் தீவுக்கு வந்தார். நான் சொல்வது மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டை. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். ஆதலால் அங்கியைக் களைந்து, கூலியாள் வேடத்தில், வெறுங்காலோடு யாழ்ப்பாணத்தில் நுழைந்தார். வந்த வேகத்தில் வயிற்றுளைச்சல் கண்டு சாகக் கிடந்தார். அவரே புனித யோசவ்வாஸ் அடிகளார். கூலி என்ற சொல்லைக் கேட்டுக் கூசிய நம் முன்னோர், அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே அந்த வேடத்தை விரும்பி உடுத்திய ஒரு புனிதர் இருந்தார் என்பதை அறிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலடைந்திருப்பார்கள்!

1692-ல் அவர் கண்டிக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பு சிறைவாசம். போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் கோள் சொல்லியிருந்தார்கள். சிறையில் அவர் என்ன செய்தார்? புலம்பிக்கொண்டிருக்கவில்லை, விடுதலை எப்போது என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கவும் இல்லை. சிங்களம் கற்றார், செபித்தார். இலங்கை முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. துணைக்குக் கோவாவிலிருந்து வேறு குருக்கள் வந்துசேர ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்ட நோயாளிகளுக்கு அவர் குடிசை கட்டி, புண் கழுவி, இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கிறிஸ்தவரா இல்லையா என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே இறந்தார். அவருடைய கல்லறை இருந்த இடம்கூட இன்று தெரியாது. 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என்று பிரகடனம் செய்தார்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். தம் துன்பத்தை அவர் அன்பாகக் கையளிக்கப்பட்ட பரிசு என்று ஏற்றார். பிறருடைய பெரியம்மையைப் பற்றி மாத்திரம் அப்படிப் பேசவில்லை, மருந்து கொடுத்தார். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். நம் பல்வலிக்கு வைத்தியரைத் தேடுகிறோம், அடுத்தவன் பசிக்குப் பொறுமையைப் போதிக்கிறோம்.

இந்தப் பாடத்தைப் பிற்காலத்தில் படித்துக்கொண்டவர்களும் உண்டு. 1972-ல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய யேசுசபைக் குரு போல் காஸ்பர்ஸ் அடிகளார், தோட்ட மக்களின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003-ல் வந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021-ல்தான் வர்த்தமானியில் ஏறியது. இவை வானத்திலிருந்து விழவில்லை, கேட்டவர்கள் இருந்தார்கள். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியாஸ் எழுதிய கடிதத்தில் (29-ஆம் அதிகாரம்), வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், இருக்கிற ஊரின் நலத்தைத் தேடுங்கள் என்று ஆண்டவர் பணித்தார். அகதிகளாய் அழுதுகொண்டு கிடங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொந்தக் காணி, சொந்த வீடு என்று இன்று கேட்பவர்களைப் பார்த்து, இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் நம்மவர்கள் அந்தக் கடிதத்தைப் படிப்பது நலம்.

இனி, அதிகம் வாசிக்கப்படாத ஆபாகூக் தீர்க்கதரிசியிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். அவருடைய ஆகமத்தின் கடைசி மூன்று வசனங்களைப் பாருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழமில்லை, வயலில் விளைச்சலில்லை, பட்டியில் ஆடுமில்லை, தொழுவத்தில் மாடுமில்லை. அப்படியிருந்தும் ஆண்டவரில் நான் மகிழ்வேன் என்கிறார் அவர்.

இதே மலைகளில் இப்படி ஒரு காலம் இருந்தது. அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பி. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் உறவுகளைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்கள் ஏறிய மலை கோப்பி மலைதான். (அந்த வழியை நினைவுகூர்ந்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள்.) 1869-ல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரே ஒழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867-ல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார்.

பாருங்கள், ஒன்றை எடுத்துவிட்டு ஆண்டவர் இன்னொன்றைத் தந்தார் என்று இந்த இடத்தில் எழுதிவிட ஆசைதான். எழுத நான் துணியவில்லை. தேயிலையின் லாபம் யார் பெட்டிக்குப் போனது என்பது உங்களுக்கும் தெரியும். ஆபாகூக்கும் அப்படிச் சொல்லவில்லை. அத்தி போனால் அடுத்த ஆண்டு மாதுளை வரும் என்று அவர் எழுதவில்லை. பட்டி வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்த வெறும் பட்டியின் முன் நின்றுதான் பாடுகிறார். நேர்த்தி வைத்தேன், காரியம் ஆயிற்று, ஆகையால் நம்புகிறேன் என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நேர்த்தியைப் பழிக்கவில்லை, நம் தாய்மாரின் மெழுகுதிரிகளை ஆண்டவர் அறிவார். ஆனால் காரியம் ஆகாத ஆண்டிலும் அந்தத் திரி எரிய வேண்டும் அல்லவா?

இவ்வாரம் ஒருநாள் இரவுச் செபத்தின்போது அந்த மூன்று வசனங்களை வீட்டில் வாசியுங்கள். பிறகு அத்தியையும் திராட்சையையும் ஆட்டையும் விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் எது இல்லாமற் போயிற்றோ அதன் பெயரைப் போட்டு ஒவ்வொருவரும் சொல்லிப் பாருங்கள். வேலை இல்லாவிட்டாலும், கொழும்புக்குப் போன மகனிடமிருந்து செய்தி வராவிட்டாலும் என்று அவரவர் குறையை அவரவரே சொல்லட்டும். வசனத்தின் இரண்டாம் பகுதியைச் சொல்ல நா எழாவிட்டால் அவசரப்பட வேண்டாம், அங்கேயே நிறுத்திப் பேசாமல் இருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.