ரம்மி: எந்தக் கையை ஆடலாம், எதில் ஸ்கூட்?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து, அறைத் தோழர்களோடு பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு உட்காருகிறீர்களா? புதியவர்கள் வந்த கையையெல்லாம் ஆடுவார்கள். பாயின்ட் ஏறுவது அங்கேதான்.

1. முதல் சீட்டை எடுக்கும் முன்பே முடிவெடுங்கள். அப்போது ஸ்கூட் விட்டால் (ஆடாமல் விலகினால்) 20 பாயின்ட், நடுவில் 40, மாட்டினால் 80 வரை. (சில இடங்களில் கணக்கு மாறும், முன்பே கேட்டுவிடுங்கள்.)

2. இஸ்பேட் 5, 6, 7 போல ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மி சேர்ந்தே வந்ததா? தாராளமாக ஆடுங்கள். அது இல்லாமல் டிக்ளேர் கிடையாது.

3. ஒரிஜினல் இல்லையென்றால் ஒரே இனத்தில் 6-7 போன்ற ஜோடியைத் தேடுங்கள். 5 வந்தாலும் சேரும், 8 வந்தாலும் சேரும். 6-8 வைத்திருப்பவர் 7க்காகத் தவம் கிடக்க வேண்டும்.

4. ஒற்றை ஜோக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரிஜினலில் விட்ட இடத்தை அது நிரப்பாது.

5. ராஜா, ராணி, ஏஸ் தனித்தனியே நிற்கின்றனவா? ஸ்கூட். ஒவ்வொன்றும் 10.

6. செல்போனில் பணம் கட்டி ஆடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கர் இரண்டையும் தடைசெய்கிறது.