வேரியாக்கில் பியூஸ் எந்தப் பக்கம்?

கேள்வி: பழைய வால்வு ரேடியோக்கள் திருத்த 5 அம்பியர் வேரியாக் ஒன்று எடுத்திருக்கிறேன். வயரிங் எப்படி? பியூஸ் எந்தப் பக்கம்?
– வாசகர், கல்லடி

பதில்: இரண்டு பக்கமும் போடுங்கள். ஆனால் சுருளைக் காப்பது பிரஷ்ஷிலிருந்து வெளியே வரும் கம்பியில் போடும் 5 அம்பியர் பியூஸ்தான். குமிழை 23 வோல்ட்டில் வைத்து 20 அம்பியர் இழுத்தால், உள்ளே போவது 2 அம்பியர் சொச்சம். உள்பக்க பியூஸ் பேசாமல் இருக்கும், சுருள் கருகும்.

நியூட்ரல், உள்ளுக்கும் வெளிக்கும் பொதுவான முனைக்கே போகவேண்டும். லைவ் மாறி அங்கே வந்தால், குமிழ் பூச்சியத்தில் நின்றாலும் வெளிக்கம்பி இரண்டிலும் 230 வோல்ட் இருக்கும். மீற்றரோ பூச்சியம் காட்டும்! ஆகவே மூன்று ஊசி பிளக், இரு கம்பியையும் வெட்டும் சுவிட்ச், உலோகப் பெட்டிக்கு எர்த்.

சரியாக இணைத்தாலும் வேரியாக் உங்களை மெயினிலிருந்து பிரிக்காது. அதற்குத் தனியாக ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் வேண்டும்.

வாவிக்கரை உப்புக்காற்றில் பிரஷ் ஓடும் செம்புத்தடம் கறுத்துப் பொறி பறக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால், முதலில் அதைப் பூட்டுங்கள், வேரியாக் காத்திருக்கட்டும்.