கல்லில் பிறந்த ஆந்தை

வடதுருவப் பக்கமென்றால் ஆறு திங்கள் பகல், ஆறு திங்கள் இரவு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். யானும் அவ்வாறே, கனடாவின் கிங்ஙைட் என்னும் ஊரைப் பற்றி விடுதி நண்பரிடம் அளந்துவிட்டுப் பின்னர் நிலப்படத்தைக் கண்டு நாணினேன். 2020 வரை கேப் டார்செட் எனப்பட்ட அவ்வூர் ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே, 64 பாகையில் உள்ளது. நடுக்குளிர் காலத்திலும் நான்கைந்து மணி நேரம் கதிரவன் தலைகாட்டுவான். ஆயினும், நிமிர்ந்து நிற்கும் மரம் ஒன்றேனும் இல்லை.

அங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும். வீட்டின் வெப்பம் மண்ணில் இறங்கினால் பனிக்கட்டி உருகும், தரை அமிழும், சுவர் பிளக்கும். ஆதலின் வீடுகளைக் கால்கள்மீது தூக்கி நிறுத்திக் கீழே குளிர்காற்றை ஓடவிடுகின்றனர். குடிநீர் லாரியில் வருகிறது. கழிவுநீரும் லாரியிலேயே போகிறது. வேற்றூருக்குச் சாலை கிடையாது.

ஏறத்தாழ 1,400 பேர் வாழும் இச்சிற்றூரின் பெயரை உலகறியச் செய்தது ஓவியம். 1957இல் ஓசுயிடோக் என்ற இனுயிட் சிற்பி, இரண்டு சிகரெட்டுப் பெட்டிகளில் ஒரே மாலுமியின் முகம் இருக்கக் கண்டு, ஒவ்வொன்றையும் கையால் தீட்டுவது எவ்வளவு சலிப்பு என்று வியந்தாராம். உடனிருந்த ஜேம்ஸ் ஹூஸ்டன், சிற்பி செதுக்கிய தந்தத்திலேயே மை தடவி, மெல்லிய தாளை ஒற்றிக் காட்டினார். மறு ஆண்டு ஜப்பான் சென்று அச்சுக்கலையும் பயின்றார். 1959இல் முதல் தொகுப்பு வெளிவந்தது.

ஒருவர் வரைவார், மற்றொருவர் அதைத் தட்டைக் கல்லில் செதுக்கி, மேடாய் நிற்கும் பகுதிக்கு மையிட்டு, தாளை வைத்துத் தேய்ப்பார். ஐம்பது படிகள் எடுத்தபின் கல்லின் உருவை அழித்துவிடுவர். கெனோஜுவாக் அஷேவாக் என்ற அம்மையார் வரைந்த ‘மாய ஆந்தை’ (1960) இவ்வாறு பிறந்ததே. 1970இல் அது கனடாவின் அஞ்சல் தலையிலும் ஏறிற்று.

அப்படங்களில் வரைந்தவர் குறியோடு கல் செதுக்கியவர் குறியும் இடம்பெறுவதுண்டு. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் ஆய்வுக்குரிய கண்ணாடிக் குழாய்களை ஊதித் தந்தவர் ஒருவர். சென்ற பருவத்து அறிக்கையில் அவர் பெயரே இல்லை. நேற்றுப் போய்க் கேட்டேன். ஈராண்டாக ‘மாஸ்டர்ஜி’ என்றழைத்தவரின் முழுப் பெயரை நேற்றுத்தான் அறிந்தேன்.