இ.எஸ்.ஆர். 70 என்றால் டி.பி.யா?

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஆரம்பித்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. அப்போது டி.பி.க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான்! அந்தக் காலத்திலேயே நோயாளி தேறுகிறாரா என்று பார்க்க உதவிய சோதனை இ.எஸ்.ஆர். ஸ்வீடன் டாக்டர் வெஸ்டர்கிரென் 1921-ல் இதைப் பற்றி எழுதியதும் காசநோயாளிகளின் ரத்தத்தை வைத்துத்தான்.

போன வருஷம் எங்க தாத்தாவுக்கு மூணு வாரமா இருமல். ரிப்போர்ட்டில் இ.எஸ்.ஆர். 70. பக்கத்து வீட்டு மாமி "டி.பி.யேதான்" என்றார். தாத்தா தன் டம்ளரைத் தனியா எடுத்து வெச்சுக்கிட்டார். என் பக்கத்தில் உட்காரவே இல்லை. அதனால்தான் லேப் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

நம் சிவப்பணுக்களின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் படியும். உடம்பில் அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி, அந்தத் தள்ளலைக் குறைக்கும். உடனே அணுக்கள் கண்டக்டர் அடுக்கும் காசு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமாச்சுன்னா வேகமா இறங்கும்.

அளப்பது எப்படி? 4 பங்கு ரத்தத்தில் 1 பங்கு சோடியம் சிட்ரேட் கலக்க வேண்டும், உறையாமல் இருக்க. 30 செ.மீ. குழாயில் 0 கோடு வரை ஏற்றி நேராக நிறுத்த வேண்டும். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் பிளாஸ்மா எத்தனை மி.மீ. என்று பார்த்தால் அதுதான் இ.எஸ்.ஆர். 50 வயதுக்குள் ஆண்களுக்கு 15, பெண்களுக்கு 20 வரை இருக்கலாம். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடும். குழாய் 3 டிகிரி சாய்ந்தாலே அளவு 30 சதவீதம் வரை ஏறிவிடுமாம்! நம்ம ஊர் மே மாத வெயிலும் ஏற்றிவிடும்.

ரத்தசோகை, கர்ப்பம், மூட்டுவாதம், நிமோனியா எதிலும் இது கூடும். டி.பி. இருந்தும் கூடாமல் இருப்பவர்கள் உண்டு. ஆகவே டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதினார். அதில் கிருமி தெரிந்தது. மாமி சொன்னது பலித்துவிட்டது, ஆனால் 70-ஐ மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

டம்ளரால் டி.பி. பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும். தாத்தா தள்ளி உட்கார்ந்தது சரி, டம்ளர் விஷயம்தான் தப்பு. ஆறு மாதம் மாத்திரை, இலவசம். வீட்டிலிருந்தே சாப்பிட்டார். இரண்டாம் மாதம் சளியில் கிருமி இல்லை. இ.எஸ்.ஆர். 38.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு