கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணிக்கை: காரணமா, விளைவா?

அடிக்கு இத்தனை எழுத்து என வரையறுத்த யாப்புகள் பல மொழிகளில் உண்டு. வடமொழி அனுட்டுப்பு பாதந்தோறும் 8 எழுத்துப் பெறும். ஜப்பானிய ஹைக்கூ 5, 7, 5 என அமையும். தமிழில் கட்டளைக் கலித்துறையடி, ஒற்று நீக்கி எண்ண, நேரசை முதலாயின் 16, நிரையசை முதலாயின் 17 எழுத்தாகும். இம்மூன்றையும் ‘எழுத்தெண்ணும் யாப்பு’ என ஒருங்கே அடக்குதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண், எண்ணப்படும் அலகே வேறு. தொல்காப்பியர் நாற்சீரடியை 4 முதல் 20 எழுத்து வரை ஐவகையாகப் பகுக்குமிடத்தும் ஒற்றுகள் எண்ணப்பெறுவதில்லை. ஜப்பானியத்திலோ ஒற்றும் ஓரலகு. ‘நிப்பொன்’ என்னும் சொல் அங்கு நான்கு அலகு. தமிழ் முறையில் இரண்டே. தமிழ் ஹைக்கூவில் 5, 7, 5 தேடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

இனி, எண் பிறக்கும் இடம். அனுட்டுப்பிலும் ஹைக்கூவிலும் எண்ணே அடியின் அடிப்படை. கட்டளைக் கலித்துறையில் அடிப்படையாவன ஐஞ்சீர், வெண்டளை, ஈற்றில் விளங்காய்ச்சீர் என்பனவே. வெண்டளைப்படி மாவின்முன் நிரையும் விளத்தின்முன் நேரும் வரும். எனவே ஈரசைச்சீர்கள் இணையுமிடத்து ஒரு சீரின் ஈற்றசையும் அடுத்த சீரின் முதலசையும் சேர்ந்து எப்போதும் 3 எழுத்தாகும். நான்கு இணைப்புகளுக்கு 12, ஈற்றுச்சீரின் எஞ்சிய நிரையும் நேரும் 3, ஆக 15. இதனோடு அடியின் முதலசை நேராயின் 1, நிரையாயின் 2 கூட, 16 அல்லது 17 தானே அமைகிறது. இடையில் மாங்காய்ச்சீர் வரினும், அதன் பின்னிரு நேரசையும் அடுத்த நேரசையும் கூடி 3 ஆவதால் கணக்கு மாறாது. விளங்காய் வரின் 4 ஆகிவிடும். முதல் நான்கு சீர்களில் அது விலக்கப்படுவதன் காரணம் இதுவே. இலக்கண நூல்கள் விதியாகக் கூறும் எண் உண்மையில் தளையின் விளைவு.

இவ்வேறுபாடு பாடத்தேர்விலும் பயன்படும். ஓரிடத்தில் நேர்முன் நேர் வந்து 2 எழுத்தாகவும், பிறிதோரிடத்தில் நிரைமுன் நிரை வந்து 4 எழுத்தாகவும் தளை பிழைத்த அடியும் 16 எழுத்தே பெறும். எழுத்தை மட்டும் எண்ணும் பதிப்பாசிரியர் அதனைத் திருந்திய பாடம் எனக் கொள்ளக்கூடும். அபிராமி அந்தாதி, கந்தரலங்காரம் போன்ற நூல்களின் பாடவேறுபாடுகளை ஆராய்வோர் சீர்தோறும் தளை நோக்கிய பின்னரே எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டுதல் தகும்.