தோட்டத்துச் சோறும் பட்டணத்து நடையும்



ஆலய மலரில் இறைவனின் புகழையும் திருமுறைகளின் சிறப்பையும் எழுத அறிஞர் பலர் இருக்கின்றனர். நான் எழுத வந்தது, அந்த இறைவன் நமக்குத் தந்த தேகத்தைப் பற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அரசாங்கக் கிளினிக் ஒன்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 6.5 இருந்தது. என் உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. “நோய் இன்னும் வரவில்லை ஐயா, ஆனால் வாசற்படியில் நிற்கிறது” என்றார் டாக்டர். என் தந்தையார் இனிப்பு நீர் நோயால் ஒரு காலை இழந்தவர். அவருடைய புண்ணுக்கு மருந்து கட்டிய கைகள் என்னுடையவை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே சோற்றை அடியோடு நிறுத்தினேன். ஒரு வேளை பழம், ஒரு வேளை சூப்பு என்று ஒரு மாதம் ஓட்டினேன். ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் படியேறினால் தலை சுற்றியது. வீட்டாரிடம் எரிந்து விழுந்தேன். தீபாவளி வந்ததும் பட்டினி முடிந்தது. மூன்றே மாதத்தில் ஆறு கிலோ திரும்பி வந்தது.

காரணத்தைப் பின்னர் அறிந்துகொண்டேன். பட்டினியின் முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர்தான். அதன் பிறகு கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. பழைய அளவுக்குச் சாப்பிட்டவுடன் எடை ஏறிவிடுகிறது.

அடுத்து உடற்பயிற்சியை மட்டும் நம்பினேன். ஞாயிறுதோறும் நண்பர்களுடன் குளுவாங் சென்று, 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் ஏறினேன். இறங்கியதும் கடையில் பசியாற இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். ஆறு மாதம் ஏறியும் தராசு முள் அசையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி உள்ளது. என் எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. அதாவது, ஒரு ரொட்டியைக் கரைக்க ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆகவே எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு உணவினுடையது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும் தசையைக் காப்பதிலும் பெரும்பங்கு உழைப்பினுடையது. இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது நிலைக்காது.

நம் பாட்டன் பாட்டிமார் தட்டு நிறையச் சோறு உண்டவர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் விடியுமுன் எழுந்து, நானூறு ஐந்நூறு பால்மரங்களை வெட்டி, பால் வாளி சுமந்து மேடு பள்ளம் நடந்தவர்கள். நாமோ தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்தோம். உழைப்பை அங்கேயே விட்டுவிட்டு, சோற்றின் அளவை மட்டும் உடன் கொண்டு வந்துவிட்டோம். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள்.

நான் பின்பற்றிய முறையை இங்கே கூறுகிறேன். சுகாதார அமைச்சு பரப்பிவரும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ முறைதான் அது. தட்டில் கால் பாகம் சோறு. கால் பாகம் பருப்பு, தௌஃபு, தெம்பே, மீன் அல்லது முட்டை. மீதி அரைப் பாகம் காய்கறியும் பழமும். தே தாரிக் கேட்ட வாய் ‘தே ஓ கோசோங்’ கேட்கப் பழகியது. என் மனைவி தாளிப்பு எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி!

மாலையில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், வியர்க்கும் அளவுக்கு நடந்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் கூறிய குறைந்தபட்ச அளவாகிய வாரத்திற்கு 150 நிமிடம் இதுவே. தசைக்காக வாரம் இரு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தேன். சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன் பாலம் கடக்கும் இளைஞர்கள், நேரமில்லை என்று சோர வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் பலன் உண்டு.

ஓர் ஆண்டில் எட்டுக் கிலோ குறைந்தது, சர்க்கரை 5.6-க்கு இறங்கியது. இன்றும் அப்படியே நிற்கிறது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உழைக்கும் இலக்குடன் வாழ்ந்தோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளி ஆயினர். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் அது நூற்றுக்கு 39 மட்டுமே. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே தராசு முள் அசையவில்லையே என்று மனம் தளர்ந்து நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

ஓர் எச்சரிக்கை. இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோரும் இருதய நோய் உள்ளோரும் டாக்டரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவோ கடும் பயிற்சி செய்யவோ கூடாது. விரத நாட்களுக்கும் இது பொருந்தும். நலமாக உள்ளோர்கூட, பகல் முழுதும் விரதம் இருந்து இரவில் வடை பாயசத்தோடு இரு மடங்கு உண்டால் பயனில்லை.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, மருந்தைப் பற்றிப் பேசவில்லை. பசியையும் உணவின் அளவையும் பற்றியே பேசுகின்றன. நம் முன்னோர் அறிந்ததைத்தான் இன்றைய மருத்துவம் எண்களால் சொல்கிறது.

நிறைவாக ஒரு விண்ணப்பம். நம் அன்னதானப் பந்தியில் பரிமாறும் அன்பர்கள், சோற்றுக்கு முன் காய்கறியை வையுங்கள். “போதும்” என்று கை காட்டுபவரிடம் வற்புறுத்த வேண்டாம். அவருடைய வீட்டிலும் ஒரு தந்தையாரின் கதை இருக்கலாம்.

எல்லாரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.